கையால் தோய்த்தெடுக்கும் மெழுகுவர்த்தி: நம் கடற்கரைச் சூட்டில் எப்படிச் செய்வது?

புதுச்சேரி நெல்லித்தோப்பிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது: "கல்லறைத் திருநாளன்று பாட்டியின் கல்லறையில் ஏற்ற, கடையில் வாங்காமல் என் கையாலேயே மெழுகுவர்த்தி செய்ய ஆசை. அச்சில் ஊற்றுவது வேண்டாம், திரியை உருகிய மெழுகில் முக்கி முக்கி எடுக்கும் பழைய முறைதான் வேண்டும். வெளிநாட்டு வீடியோ ஒன்றில் சொன்னபடி மெழுகை 85 டிகிரியில் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் ஆறவிட்டு முக்கினேன். பென்சில் பருமனுக்கு மேல் தடிக்கவே இல்லை. அடியில் மட்டும் கட்டி கட்டியாகத் தொங்குகிறது. ஏற்றினால் புகைகிறது. வீட்டில் இருந்த விளக்குத் திரியைத்தான் போட்டேன். எங்கே சரி செய்ய வேண்டும்?"

உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை, சகோதரி. அந்த வீடியோக்காரர் சொன்ன நேரம் அவர் ஊர்க் குளிருக்குச் சரியாக இருக்கும். புதுச்சேரிக் காற்றுக்கு அது ஒத்து வராது. மெழுகு எப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறிய மெழுகுக் குச்சியை உருகிய மெழுகுக்குள் விடும்போது, குச்சியில் இருக்கும் குளிர்ச்சிதான் சுற்றியுள்ள மெழுகைக் கொஞ்சம் உறையவைத்து மேலே ஒட்டவைக்கிறது. குச்சி எவ்வளவு ஆறியிருக்கிறதோ அவ்வளவு ஒட்டும். குளிர்நாட்டு வீட்டில் அறை வெப்பம் 18 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மெழுகு உறைவது 60 டிகிரியில் என்றால், அந்தக் குச்சி 42 டிகிரி அளவுக்குச் சூட்டை வாங்கிக்கொள்ளும். நம் ஊரில் மதியம் 34 டிகிரி இருந்தால் 26 டிகிரிக்குத்தான் இடம். ஒரே மெழுகு, ஒரே திரி, ஒரே கை. ஆனால் ஒரு முக்கில் ஒட்டுவது அங்கே ஒட்டுவதில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது.

இதுவும் குச்சி முழுதாக ஆறியிருந்தால்தான். ஒரே ஒரு நிமிடம் கொடுத்தால் மேல்தோல் ஆறினாலும் உள்ளே சூடு அப்படியே நிற்கும். அந்தச் சூட்டோடு 85 டிகிரி மெழுகில் இறக்கினால், புதிதாக ஒட்டுவது ஒரு பக்கம் இருக்க, முன்பு ஒட்டியதும் கரைந்து இறங்கிவிடும். ஏறுவதும் கரைவதும் சமமாகிற இடத்தில் வளர்ச்சி நின்றுபோகும். உங்களுக்குப் பென்சில் பருமனில் நின்றது அதனால்தான். கரைந்து இறங்கிய மெழுகுதான் அடியில் கட்டி கட்டியாகச் சேர்ந்தது.

ஆக, மாற்ற வேண்டியது இரண்டு. மெழுகின் சூட்டைக் குறைக்க வேண்டும், ஆறும் நேரத்தைக் கூட்ட வேண்டும். பாரபின் மெழுகுக்கு 66 முதல் 70 டிகிரிக்குள் நில்லுங்கள். மெழுகு உறையும் வெப்பத்துக்கு மேலே ஆறிலிருந்து பத்து டிகிரி என்று நினைவில் வைத்துக்கொண்டால் எந்த மெழுகு வாங்கினாலும் கணக்கு சரியாக வரும். ஆறவிடும் நேரம் ஆரம்பத்தில் 3 நிமிடம், பாதிப் பருமன் வந்த பிறகு 5 நிமிடம், கடைசிச் சுற்றுகளில் 7, 8 நிமிடம்கூட ஆகும். தடித்துக்கொண்டே போகும்போது உள்சூடு வெளியே வர நேரம் பிடிக்கும். கடிகாரத்தைவிட விரலை நம்பலாம். குச்சியின் நடுப்பகுதியைத் தொட்டால் வெதுவெதுப்புகூடத் தெரியக்கூடாது, அப்போதுதான் அடுத்த முறை முக்க வேண்டும். ஆனால் மணிக்கணக்கில் விட்டுவிட்டுத் திரும்ப வந்து முக்கினால் புது அடுக்கு பழைய அடுக்கோடு சரியாகப் பிடிக்காமல் பிற்பாடு பட்டை பட்டையாக உரியும். தொடங்கினால் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டிய வேலை இது.

அவ்வளவு நேரம் காத்திருப்பதா என்று மலைக்க வேண்டாம். ஒரு ஜோடியை மட்டும் செய்தால்தான் காத்திருப்பு. பத்துப் பன்னிரண்டு ஜோடியை வரிசையாகத் தொங்கவிட்டுச் சுழற்சியில் முக்கினால், கடைசி ஜோடியை எடுக்கும்போது முதல் ஜோடி ஆறித் தயாராக இருக்கும். துணி காயப்போடும் மடக்கு ஸ்டாண்ட் இதற்கென்றே செய்தது மாதிரி பொருந்தும். கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள், சொட்டுகிற மெழுகைச் சுரண்டி மறுபடி உருக்கலாம்.

நேரமும் முக்கியம். மதியத்தில் தொடாதீர்கள். விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு, எட்டரைக்குள் முடிப்பது நல்லது. இல்லையென்றால் ஏ.சி. அறையில் ஸ்டாண்டை வைத்துக்கொண்டு, அடுப்பை மட்டும் சமையலறையில் வைத்துக்கொள்ளலாம். மின்விசிறியை நேராகக் குச்சிகள்மேல் விடுவது கூடாது. ஒரு பக்கம் சீக்கிரம் ஆறி, மறுபக்கம் சூடாக இருக்கும்போது குச்சி வளைந்துவிடும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இந்த வேலைக்கு அருமையான பருவம் மார்கழியும் தையும். வருஷத்துக்கு வேண்டியதை அந்த இரண்டு மாத விடியற்காலைகளில் செய்து வைத்துவிடலாம் என்று எல்லோருக்கும் சொல்வேன். உங்களுக்கு நவம்பர் 2க்குள் வேண்டும் என்பதால் ஐப்பசி மழை நாட்களில் செய்யுங்கள். மழை பெய்து ஓய்ந்த இரவுகள் நன்றாகவே இருக்கும்.

அடுத்தது மெழுகு. கடையில் பாரபின் கேட்கும்போது உருகுநிலை என்ன என்று கட்டாயம் கேளுங்கள். 52–54 டிகிரி ரகமும் கிடைக்கும், 58–60, 60–62 ரகங்களும் கிடைக்கும். பலகையாகப் பார்க்க எல்லாம் ஒன்றுபோல வெள்ளையாகத்தான் இருக்கும். விலை குறைகிறதே என்று குறைந்த உருகுநிலை மெழுகை வாங்கினால், இங்கே சித்திரை வெயிலில் அலமாரிக்குள்ளேயே வளைந்து கிடக்கும். ஒல்லியாக உயரமாக நிற்க வேண்டிய பொருளுக்கு 58–60க்குக் கீழே இறங்கவே கூடாது, 60–62 கிடைத்தால் இன்னும் நல்லது. நன்றாகச் சுத்திகரித்தது, எண்ணெய்ப் பசை இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். பலகையை விரலால் தேய்த்தால் பிசுபிசுப்பு ஒட்டக்கூடாது. இந்த மெழுகு கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. நமக்குப் பக்கத்திலேயே, சென்னை மணலி ஆலையில் தயாராகிறது. உள்ளூரில் கிடைக்காவிட்டால் பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளில் விசாரியுங்கள்.

ஒரு கிலோ பாரபினுக்கு 100 கிராம் ஸ்டியரிக் ஆசிட் சேருங்கள். பெயரில் ஆசிட் என்று இருப்பதால் பயப்பட வேண்டாம், கொழுப்பிலிருந்து எடுக்கும் வெள்ளைச் செதில்தான் அது, கையில் அள்ளலாம். உருகுநிலை 69 டிகிரி அளவில் இருப்பதால் மெழுகுவர்த்திக்கு விறைப்புத் தரும், பால் வெள்ளை நிறம் தரும், எரியும்போது வழிவதையும் குறைக்கும். இதைச் சேர்க்காமல் வெறும் பாரபினில் செய்தால் கண்ணாடி மாதிரி மங்கலாக, உள்ளே திரி தெரிகிற மாதிரி வரும். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் மட்டும் இதை உருக்காதீர்கள், உலோகத்தோடு சேர்ந்து பச்சை பூத்துவிடும். எவர்சில்வர் போதும்.

தேன்மெழுகு கிடைத்தால் கிலோவுக்கு 100 கிராம் அதையும் சேர்க்கலாம். அடுக்குகள் ஒன்றோடொன்று நன்றாகப் பிடிக்கும், வெடிப்பு விழாது. முழுக்கத் தேன்மெழுகில் செய்தால் அதன் அழகே வேறு. தானாகவே ஒரு மஞ்சள், ஏற்றாதபோதும் மெல்லிய தேன் வாசனை. உருகுநிலை 62, 64 டிகிரி அளவில் இருப்பதால் நம் வெயிலையும் தாங்கும். விலைதான் பாரபினைவிடப் பல மடங்கு. பாட்டிக்காக இரண்டே இரண்டு மட்டும் தேன்மெழுகில் செய்து, மற்றவற்றைக் கலப்பில் செய்தால் என்ன? எனக்கு அது நல்ல யோசனையாகப் படுகிறது. சோயா மெழுகு இந்த வேலைக்கு ஆகாது. அது கண்ணாடிக் குவளைக்குள் ஊற்றுவதற்கான மெழுகு, நம் சூட்டில் தனியாக நிற்காது.

கோயிலில் எரிந்து மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் அவற்றையும் உருக்கலாம், தப்பில்லை. உருகியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, மேலாகத் தெளிந்ததை மட்டும் எடுங்கள். அடியில் நிற்கும் கசடும் கருகிய திரித்தூளும் புது மெழுகுவர்த்தியில் சேர்ந்தால் திரியை அடைத்துவிடும். நிறத்துக்குப் பிள்ளைகளின் க்ரேயானைப் போட்டு உருக்குவதையும் பலர் செய்கிறார்கள். அதில் இருக்கும் நிறப்பொடி மெழுகில் கரைவதில்லை, திரி நூலின் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும், சுடர் சுருங்கி அணைந்துபோகும். மெழுகில் கரையும் சாயம் என்று கேட்டு வாங்கினால்தான் சரி.

இப்போது திரி. உங்கள் மெழுகுவர்த்தி புகைந்ததற்கு இதுதான் காரணம். குத்துவிளக்குக்குப் போடும் பஞ்சுத் திரி, மேலே கொஞ்சம் மட்டும் நீட்டிக்கொண்டு எண்ணெயில் கிடந்து எரிவதற்கானது. தளர்வான பஞ்சு, தடிமனும் அதிகம். மெழுகுவர்த்தியில் போட்டால் தேவைக்கு மேல் மெழுகை உறிஞ்சி மேலே அனுப்பும். வருகிற மெழுகு முழுதும் எரிய அங்கே காற்று போதாது. எரியாமல் மிஞ்சுகிற கரிதான் புகை.

மெழுகுவர்த்திக்கு வேண்டியது பின்னல் திரி. மூன்று பிரியாகச் சடை பின்னுகிற மாதிரி தட்டையாகப் பின்னியிருப்பார்கள். 1825ஆம் ஆண்டு வாக்கில் கம்பசெரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த முறை இது. அதற்கு முன்பு முறுக்கிய நூல்தான் திரி. எரிந்த நுனி சுடருக்கு நடுவிலேயே நீண்டு நிற்கும், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் கத்தரியோடு வந்து வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் வீடெல்லாம் கரி. தட்டைப் பின்னலில் இழைகள் ஒரு பக்கம் இறுக்கமாக இழுபட்டிருப்பதால், எரிய எரிய நுனி தானாக வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போகும். சுடரின் வெளி ஓரத்தில்தான் காற்றும் சூடும் அதிகம். அங்கே போன நுனி முழுதாக எரிந்து சாம்பலாகிவிடும். வெட்ட ஆளே வேண்டாம். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துக் கால் மணி நேரம் உற்றுப் பாருங்கள். சுடரின் வலப்பக்கமோ இடப்பக்கமோ திரி நுனி கொக்கிபோல எட்டிப் பார்க்கும், அந்தப் புள்ளி மட்டும் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கும். உங்கள் திரி சரியான திரி என்பதற்கு அதுதான் அடையாளம்.

திரிக் கடையில் இழை எண்ணிக்கையைச் சொல்லி விற்பார்கள். ஒரே எண்ணை நம்பி மொத்தமாக வாங்காதீர்கள், அடுத்தடுத்த மூன்று தடிமனில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவர்த்தி செய்து ஏற்றிப் பாருங்கள். திரி ஒல்லியாக இருந்தால் சுடர் சின்னதாகி, உருகிய மெழுகைக் குடித்துத் தீர்க்க முடியாமல் பக்கவாட்டில் வழியும். தடியாக இருந்தால் சுடர் நீண்டு ஆடும், புகையும், மெழுகுவர்த்தி மளமளவென்று தீரும். இரண்டும் இல்லாமல், உச்சியில் சிறு கிண்ணமாக மெழுகு நின்று, ஓரம் உடையாமல் எரிவது எதுவோ அது உங்கள் மெழுகுக்கு ஏற்ற திரி. தேன்மெழுகு உருகினால் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும் என்பதால், அதற்குச் சதுரப் பின்னல் திரி, ஒரு படி தடிமனாக வேண்டும்.

பின்னல் திரி கிடைக்கவில்லையா? சுத்தமான பருத்தி நூலை எடுத்துச் சடையாகப் பின்னிக்கொள்ளலாம். நைலான் கலந்த நூல் கூடவே கூடாது, ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும், பருத்தி சாம்பலாகும், நைலான் உருண்டையாகச் சுருளும். பின்னிய திரியை மருந்து நீரில் ஊறவைக்க வேண்டும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி வெண்காரம் கரைத்து, ஒரு நாள் ஊறப்போட்டு, நன்றாகக் காயவிடுங்கள். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். இப்படி ஊறிய திரி எரிந்த பிறகு கனலாகப் புகைந்துகொண்டிராமல் சுத்தமாகச் சாம்பலாகும். அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், குடிக்கக்கூடாத பொருள்.

பாத்திரம்தான் இந்த முறையில் பலருக்கும் இடிக்கிற இடம். 20 சென்டிமீட்டர் உயர மெழுகுவர்த்தி வேண்டுமென்றால், குறைந்தது 25 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உருகிய மெழுகு நிற்க வேண்டும். 10 சென்டிமீட்டர் வாயுள்ள உயரமான பாத்திரம் என்றாலும் அதற்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் மெழுகு, அதாவது ஒன்றரைக் கிலோ அளவுக்கு வேண்டும். நீங்கள் செய்கிற ஒரு மெழுகுவர்த்தியின் எடை 45, 50 கிராம்தான், ஒரு கிலோவில் 20 வரும். ஆனாலும் பாத்திரத்தை நிரப்பிவைக்க இத்தனை மெழுகு கையில் இருந்தாக வேண்டும். மிஞ்சுவது வீணாகாது, உறையவிட்டு மூடிவைத்தால் அடுத்த முறைக்கு ஆகும். அகலமான குண்டானில் செய்தால் மெழுகு இன்னும் கூடுதலாக இழுக்கும், அதனால் ஒல்லியாக உயரமாக இருப்பதாகத் தேடுங்கள். உயரமான எவர்சில்வர் சம்படம், பழைய பால் கேன், ஸ்பாகெட்டி டப்பா எதுவானாலும் சரி. ஒருமுறை மெழுகுக்கு வைத்ததைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக்கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் ஒரு பிரிமணையோ தட்டோ போட்டு, அதன்மேல் மெழுகுப் பாத்திரத்தை நிறுத்துங்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் மெழுகும் போகாது. பாரபின் 200 டிகிரியை நெருங்கினால் அதன் ஆவி தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். தண்ணீர் மாதிரி கொதித்துக் காட்டி எச்சரிக்காது, அமைதியாக நின்றுகொண்டே சூடேறும். இதனால்தான் தண்ணீர்க் குளியல் வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வெளித் தண்ணீர் வற்றிவிடாமல் அவ்வப்போது ஊற்றுங்கள், மெழுகுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழ விடாதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் கேஸைவிட நிம்மதி. தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீப்பிழம்பு கூரை வரை எழும்பும். அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தை மூடியால் மூடிவிடுங்கள். மூடியை முன்கூட்டியே கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கையில் சூடான மெழுகு பட்டால் பிய்த்து எடுக்காமல் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.

வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். சமையலுக்கு விற்கிற சாதாரணமானது போதும். இதைத் தவிர்த்துவிட்டு இந்த வேலையைச் செய்ய முயல வேண்டாம் என்பேன். 66க்கும் 74க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பருமனில் தெரியும். ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியும்: பாத்திர ஓரத்தில், மெழுகின் மேல்மட்டத்தைச் சுற்றி வெள்ளை வளையம் கட்ட ஆரம்பித்தால் சூடு மிகவும் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் முக்கினால் மேடு பள்ளமாகத்தான் வரும்.

சரி, எல்லாம் தயார் என்றால் தொடங்கலாம். திரியை 55 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, நடுப்பகுதியை ஒரு மூங்கில் குச்சியில் போட்டால் இரண்டு பக்கமும் தொங்கும். இரண்டுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தடித்த பிறகு ஒன்றோடொன்று ஒட்டும். இரண்டு நுனியிலும் சின்ன இரும்பு நட்டு ஒன்றைக் கட்டுங்கள், வெறும் திரி மெழுகில் மிதந்து சுருளும், பாரம் இருந்தால் நேராக இறங்கும்.

முதல் முறை மட்டும் விதி வேறு. மெழுகு 75, 80 டிகிரி இருக்கட்டும். திரியை உள்ளே விட்டால் நூலுக்குள் இருக்கும் காற்று குமிழ் குமிழாக மேலே வரும். குமிழ் நிற்கும் வரை, ஒரு நிமிடமோ கொஞ்சம் கூடவோ, உள்ளேயே வைத்திருங்கள். எடுத்ததும் சூடாக இருக்கும்போதே இரண்டு விரலால் மேலிருந்து கீழே நீவி, இழுத்து நேராக்குங்கள். இந்த ஒரு நிமிடத்தில் திரி கோணலாக உறைந்துவிட்டால் அந்தக் கோணல் கடைசிவரை போகாது. எல்லா ஜோடியையும் இப்படி முடித்துவிட்டு மெழுகை 68க்கு இறக்குங்கள்.

அதன்பிறகு உள்ளே விடுவதும் எடுப்பதுமாக மொத்தம் மூன்று நொடிதான். உள்ளே போனதும் தயங்காமல், அதே வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் மேலே எடுக்க வேண்டும். நின்ற இடத்தில் வளையம் விழும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்துக்கு இறக்குங்கள். எடுத்ததும் மெழுகு கீழ்நோக்கி ஓடுவதால் அடிப்பாகம் கொஞ்சம் கூடுதலாகத் தடிக்கும், மேலே கூராக நிற்கும். இந்த முறையில் பிறந்த மெழுகுவர்த்திக்கு அந்த வடிவம் தானாகவே வருகிறது, நாம் செதுக்க வேண்டியதில்லை. ஆறேழு முறை முக்கிய பிறகு அடியில் சொட்டு நீண்டு நிற்கும், அங்கே கத்தியால் வெட்டி நட்டைக் கழற்றிவிடுங்கள். வெட்டிய துண்டும் பாத்திரத்துக்கே போகலாம். பாதி வழியில் மறுபடி ஒருமுறை அடியை வெட்டிச் சமமாக்குங்கள். குச்சி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது, வளைந்தவற்றை மட்டும் எடுத்து கிரானைட் மேடையில் வைத்து, ஒரு வழவழப்பான பலகையால் மெல்ல உருட்டினால் நேராகிவிடும்.

எத்தனை முறை முக்க வேண்டும்? குளிர்நாட்டில் 20, 25 முறையில் 2 சென்டிமீட்டர் அடிப்பருமன் வரும் என்பார்கள். நம் ஊரில் 30, 40 ஆகலாம். எண்ணிக்கொண்டிருக்காமல், நீங்கள் நிறுத்தப்போகும் தாங்கியின் ஓட்டையில் அடிப்பக்கம் இறுக்கமாக உட்காருகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். முக்க முக்க மெழுகு மட்டம் குறையும். பக்கத்தில் இன்னொரு சின்னப் பாத்திரத்தில் உருக்கி வைத்த மெழுகை அவ்வப்போது ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யுங்கள். கட்டியாகப் போட்டால் சூடு திடீரென்று இறங்கிவிடும். வெந்நீரை ஊற்றி மெழுகை மேலே மிதக்கவைத்து மட்டத்தை உயர்த்தும் ஒரு குறுக்குவழியும் உண்டு. அது வேண்டாம். அடிப்பாகத்தில் நீர்த்துளி ஒட்டி, அடுத்த அடுக்குக்குள் மாட்டிக்கொள்ளும். எரிந்து அந்த இடத்துக்கு வரும்போது படபடவென்று வெடித்துச் சுடர் அணையும்.

கடைசி முறைக்கு மெழுகை மறுபடி 80 டிகிரிக்கு ஏற்றி, சட்டென்று ஒரு முக்கு. மேலே இருக்கும் சிறு மேடெல்லாம் இதில் அமுங்கி வழவழப்பாகும். பளபளப்பு வேண்டுமென்றால் உடனே மண்பானைத் தண்ணீரில் ஒருமுறை இறக்கி எடுத்துத் துடைத்துவிடலாம், இது கடைசி அடுக்கு என்பதால் தண்ணீர் மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. ஒரு நாள் முழுக்கத் தொங்கட்டும், அப்புறம் திரியை வெட்டி ஜோடியைப் பிரியுங்கள். செய்த அன்றே ஏற்றுவதைவிட ஒரு வாரம் போன பிறகு ஏற்றினால் நிதானமாக எரியும். 20 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் பருமன் என்றால் காற்றில்லாத இடத்தில் ஏழெட்டு மணி நேரம் நிற்கும்.

கல்லறையில் காற்று இருக்குமே என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் வடகிழக்குக் காற்று ஆரம்பித்திருக்கும். கடலை ஒட்டிய கல்லறைத் தோட்டங்களில் சாயங்காலம் சுடர் ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கும். சாய்ந்த பக்கத்து ஓரம் உருகி உடைந்து, கிண்ணத்தில் நின்ற மெழுகெல்லாம் வழிந்துபோகும், ஒல்லி மெழுகுவர்த்தி அரை மணியில் பாதியாகிவிடும். ஒரு மண் கலயத்தில் பாதிக்கு மணல் நிரப்பி, அதில் ஊன்றி, அதைச் சுற்றி, அடியும் உச்சியும் திறந்த கண்ணாடிக் கூண்டை வைத்தால் போதும். கூண்டின் அடியில் காற்று நுழையச் சின்ன இடைவெளி விடுங்கள், முழுக்க மூடினால் சுடர் திணறிப் புகைக்கும். அங்கே ஏற்றப்போகிறவற்றில் ஸ்டியரிக் ஆசிடைக் கிலோவுக்கு 150 கிராமாகக் கூட்டினால் ஓரம் இன்னும் உறுதியாக நிற்கும்.

புயல் நாட்களுக்கும் இதையே செய்துவைக்கலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள் என்று தோன்றுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தபோதும் மின்சாரம் போய் மெழுகுவர்த்தி தேடியவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். அந்த மாதிரி இரவுகளுக்கு ஒல்லி மெழுகுவர்த்தி ஏற்றதல்ல, சாய்ந்தால் ஆபத்து. அதற்குக் குட்டையாக, தடியாக, தட்டில் உட்கார்கிற மாதிரி அச்சில் ஊற்றியதே நல்லது. மிஞ்சுகிற மெழுகை அதற்குப் பயன்படுத்துங்கள். எந்த மெழுகாக இருந்தாலும் பாத்திரம் கழுவும் தொட்டியில் மட்டும் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் உறைந்து அடைத்துவிடும்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். கல்லறைக்கும் வீட்டுக்குமாக 20 மெழுகுவர்த்தி என்று வைத்தால், இரண்டரையிலிருந்து மூன்று கிலோ மெழுகு, 250, 300 கிராம் ஸ்டியரிக் ஆசிட், மூன்று ரகத் திரி. அக்டோபர் முதல் வாரத்தில் பொருளை வாங்கி, இரண்டாவது வாரம் மூன்று ரகத் திரியிலும் ஒவ்வொரு ஜோடி செய்து ஏற்றிப் பாருங்கள். சரியான திரி எது என்று தெரிந்த பிறகு, மூன்றாவது வார ஞாயிறு விடியற்காலையில் பத்து ஜோடியும் ஒரே சுழற்சியில் முடிந்துவிடும். ஆறிய பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி, மொட்டை மாடி வெயில் படாத அறையில், அலமாரியின் கீழ்த்தட்டில் படுக்கவைத்து வையுங்கள். நிறுத்திச் சாய்த்து வைத்தால் வளையும். முதல் ஜோடி எப்படி வந்தது, எந்தத் திரி, என்ன சூடு என்று எழுதுங்கள். படமும் அனுப்பினால் அடுத்து என்ன மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.